தக்காளி ஊசிப்புழு: தினமும் கணக்கு பாருங்க

தக்காளி இலையில் பாம்பு நெளிஞ்ச மாதிரி மெல்லிய கோடு ஓடினா அது பழைய இலைத்துளைப்பான். இலை அகலமா, கொப்புளம் போல வெளுத்து, உள்ளே கருப்பா எச்சம் தெரிஞ்சா அது ஊசிப்புழுங்க. தென் அமெரிக்காவில் இருந்து 2006-ல் ஸ்பெயினுக்கும், 2014-ல் மகாராஷ்டிரத்துக்கும் வந்து, அப்புறம் நம்ம பக்கமும் இறங்கிடுச்சு. பழத்தில் காம்பு ஓரமா ஊசி குத்தின துளை இருந்தா, தலைவாசல் மார்க்கெட்டில் அந்தப் பெட்டியைக் கழிச்சுடுவாங்க.

புழு இலையின் ரெண்டு தோலுக்கு நடுவில் உட்கார்ந்து தின்னுது. மேலே தெளிக்கிற கரைசல் அதுக்குச் சரியாப் போய்ச் சேராது. ஒரு தாய் அந்துப்பூச்சி 250 முட்டை வரை இடும். அதனால, அந்துப்பூச்சி வந்த உடனே நமக்குத் தெரியணும். அதுக்குத்தான் இனக்கவர்ச்சிப் பொறி.

நாற்று நட்ட உடனே ஏக்கருக்கு 2 பொறி செடி உயரத்தில் வைக்கணும். காய்ப்புழு லூர் இதுக்கு ஆகாது. ஊசிப்புழு லூர்னு கேட்டு வாங்குங்க. கம்பெனி சொல்ற கெடுவில் லூரை மாத்திடுங்க. பேங்கில் தினமும் ரொக்கம் எண்ணிக் கணக்கை மூடாம வீட்டுக்குப் போனதில்லை. பொறிக்கும் அதே நடைமுறைதான். காலையில் எண்ணி, தேதி போட்டு, நோட்டில் எழுதி, விழுந்ததை அள்ளிப் போட்டுடுவேன். பொறியில் விழுறது ஆண் பூச்சி மட்டும்தான். பொறி வெச்சாச்சுனு சும்மா இருக்க முடியாது.

எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினா, அன்னைக்கே வயலில் அங்கங்கே 20 செடியைப் புரட்டிப் பாருங்க. கொப்புளம் விழுந்த இலை, துளை விழுந்த காயைப் பறிச்சு, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்க. வரப்பில் கொட்டினா புழு திரும்பச் செடிக்கே வரும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடிச்சு, 10 லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊற வெச்சு, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயந்திரம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிங்க. முட்டையிடுறது குறையும், பொரிச்ச இளம்புழு இலைக்குள் போகிறதுக்கு முன்னே மாட்டும்.

அடுத்த போகம் கத்தரி, உருளை வேண்டாம். அதிலும் இது வாழும். மக்காச்சோளம், சோளம், பயறு போடலாம்.

கடைசியா ஒண்ணு. விலை விழுந்தா பறிக்காம அப்படியே விட்டுட்டுப் போற காடுதான் இந்தப் புழுவுக்கு நாற்றங்கால். பறிக்கலைனாலும் செடியைப் பிடுங்கி அழிச்சுடுங்க. பக்கத்துக் காட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க. நம்ம பொறியில் விழுற பூச்சி அங்கிருந்தும் வரும்.