பழைய துப்பாக்கி வாங்குவோர் குழலைச் சோதித்தறியும் முறை

தென்காசி, செங்கோட்டை தாலூகாக்களில் மேக்கரை, வடகரை, புளியரை முதலிய மலையடிவாரக் கிராமங்களில் நெல்லும் தென்னையும் பயிரிடும் குடியானவர்கள், காட்டுப்பன்றியால் அடையும் நஷ்டம் யாவரும் அறிந்ததே. பயிர்க் காவலின் பொருட்டுத் துப்பாக்கி வைத்திருக்க விரும்புவோர்க்கு 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடமளிக்கின்றது. லைசென்சு கைக்கு வந்த பின்னரே விலை பேசுதல் வேண்டும். துப்பாக்கியில் வெட்டியுள்ள எண்ணும் விற்பவருடைய லைசென்சிலுள்ள எண்ணும் ஒன்றாயிருத்தல் அவசியம். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை அனுமதியின்றிக் கொல்லுதல் குற்றமாதலால், பயிர்க்காவல் லைசென்சை வேட்டைக்குரிய அனுமதியென்று கருதலாகாது.

புதிய துப்பாக்கியின் விலைக்கு அஞ்சிப் பலரும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியையே நாடுகின்றனர். இவர்கள் கட்டையின் மெருகையும் பூவேலையையும் பார்த்து மயங்குவது வழக்கம். கட்டை பழுதானால் தச்சன் மாற்றித் தருவான்; குழல் பழுதானால் துப்பாக்கியே இல்லை.

முதலில் தோட்டா இல்லையென்பதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்துகொண்டு, குழலைத் தனியே கழற்றி, எண்ணெயைத் துணியால் முற்றும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பூசிய குழல் எதுவும் பளபளக்கும். பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, இரு முனைகளிலிருந்தும் உள்ளே பார்க்க வேண்டும். ஒளிவளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக ஒழுங்காய்த் தெரிந்தால் குழல் நேரானது. ஒருபுறம் ஒதுங்கித் தெரிந்தால் வளைந்துள்ளது. கறுத்த வளையமொன்று குறுக்கே தென்படின், அவ்விடத்தில் குழல் புடைத்திருக்கின்றதென்று ஐயுற வேண்டும். மண்குளவி கூடு கட்டியதையோ சேறு அடைத்ததையோ கவனியாமல் சுட்டால் இவ்விதம் நேரும். விரலை வெளிப்புறத்தில் மெல்ல ஓட்டினால் புடைப்பும் நசுங்கலும் தட்டுப்படும். புடைத்த குழலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

குற்றாலச் சாரல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் இப்பக்கத்துத் துப்பாக்கிகள் மிகுதியும் துருப்பிடிக்கின்றன. கருமருந்தின் கசடும், பழைய தோட்டாக்களின் கேப்பிலிருந்து படியும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம். குழல்வாய்ப் பக்கம் சிறு அரிப்புக் குழிகள் இருப்பதால் பெருங்கேடில்லை. தோட்டா அறையை அடுத்து ஆழ்ந்த குழிகள் இருப்பின் விலக்குக. வெடியின் அழுத்தம் அங்கேதான் உச்சமடைகின்றது.

ஆனால் குழியே இல்லாத பழங்குழலையும் உடனே நம்பிவிடக் கூடாது. துருவைக் கடைந்தெடுத்து மெருகிட்டு விற்பவர் உண்டு. கடையக் கடையக் குழலின் சுவர் மெலியும். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதற்கு வெகுவாக மிஞ்சியிருந்தால், சுவரின் கனத்தைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கருவி கொண்டு அளக்கச் செய்க. மிக மெலிந்த இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நலம். இவ்வாறு கடைந்த குழலுக்குப் பழைய பரீட்சை முத்திரை பிரமாணமாகாது.

அம்முத்திரைகள் குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும். பர்மிங்காமில் 1813-ஆம் வருடத்துச் சட்டத்தால் நிறுவப்பட்ட பரீட்சைச் சாலையின் முத்திரை பழைய சீமைத் துப்பாக்கிகள் பலவற்றில் காணப்படும். நைட்ரோ மருந்துக்குப் பரீட்சித்த குறியுண்டா என்று பார்க்க வேண்டும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் நீரலைபோன்ற கோலம் தெரியும். பார்வைக்கு மிக அழகியதாயினும், பெரும்பாலும் கருமருந்துக்கென்றே செய்யப்பட்டது. நைட்ரோ குறியில்லாத அத்தகைய குழலில் இக்காலத் தோட்டாவை இடுதல் ஆபத்து.

தோட்டா அறையின் நீளத்தையும் அளந்தறிய வேண்டும். பழையவற்றில் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமைந்தவை. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அவற்றுள் நுழைந்துவிடும். சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறிவிடும். நுழைகின்றதே பொருத்தம் என்று கொள்வது பிசகு.

கடைசியாக, இரு குழல்களையும் அடிக்கொக்கியில் தொங்கவிட்டு விரற்கணுவால் தட்டுக. மணிபோல் ஒலித்தால் இணைப்புப் பட்டைகள் உறுதியாயுள்ளன. உடைந்த சட்டிபோல் ஒலித்தால் பற்றாசு விட்டிருக்கலாம். அதனைச் சீர்ப்படுத்த ஆகும் கூலியை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.