எண்கோண முத்திரையும் கத்தரிக்கோலும்

தபாற்கந்தோரில் நாம் கேட்டு வாங்கும் முத்திரையைத் தமிழகத்தார் தபால்தலை என்பர். பழைய முத்திரைகளைக் கையில் எடுத்தால் அந்தப் பெயரும் பொருத்தமாகவே தோன்றும். அவற்றில் விக்ரோறியா மகாராணியின் தலைதானே இருக்கிறது!

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆந் திகதி வெளியானது. ஆறு பென்ஸ் பெறுமதி; அச்சிட்டவர்கள் லண்டன் பேர்க்கின்ஸ் பேக்கன் கம்பனியார். ரூபாய், சதக் கணக்கு 1872இல்தான் வந்தது. அதற்கு முந்திய பென்ஸ், ஷில்லிங் முத்திரைகளையே சேகரிப்போர் தேடி அலைகின்றனர். அவற்றுள் தலையாயது 1859இல் வந்த நாலு பென்ஸ் மங்கல் ரோசா நிற முத்திரை.

பழையது என்பதால் மட்டும் அதற்கு விலை ஏறவில்லை. அன்றைய முத்திரைத் தாள்களில் கிழித்தெடுக்க ஓரத்துளைகள் இல்லை, கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டும். இம்முத்திரையின் சட்டமோ எண்கோணம். அழகு பார்த்து எட்டுப் பக்கமும் ஒட்ட வெட்டினால் நான்கு மூலைகளும் போயின. மூலை போனதற்கும், சுற்றிவர வெள்ளை ஓரம் விட்டு வெட்டியதற்கும் ஏலத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். பின்னர் துளையிட்டு வந்த முத்திரைகளின் ஓரத்தைச் சீவி, முந்தியது என்று விற்கும் கள்ளரும் உண்டு. அதனாலேயே பெரிய ஏலங்களில் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் எவரும் இலேசில் விலை கேட்பதில்லை.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரித்தானிய கயானாவில் 1856இல் வந்த ஒரு சத முத்திரையின் நான்கு மூலைகளும் வெட்டுண்டவை, பார்வைக்கும் அழகில்லை. ஆனால் உலகில் அது ஒன்றே ஒன்று. 1873இல் வேர்ணன் வோன் என்ற 12 வயதுச் சிறுவன் வீட்டுப் பழங்கடிதங்களிடையே அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014இல் நியூயோர்க் ஏலத்தில் அதற்குச் சுத்தியல் விழுந்த விலை 79 இலட்சம் டொலர். ஏலக் கம்பனியின் கட்டணமும் சேர்ந்து 94 இலட்சத்து 80 ஆயிரம். 2021இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது கட்டணத்தோடு 83 இலட்சம்தான். முத்திரை விலை ஏறிக்கொண்டே போகும் என்போர் இதைக் கவனிக்கலாம்.

இனி நம்மவர் சங்கதிக்கு வருவோம். சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் பாட்டனாரின் கடிதங்களிலிருந்து முத்திரைகளை நீரில் ஊறவைத்து உரித்து, கொப்பியில் ஒட்டிக் கொண்டுவந்தான். உறைகள் எங்கே என்று கேட்டேன். அடுப்பெரிக்கப் போய்விட்டனவாம். சுந்தர ராமசாமியின் ‘ஸ்டாம்பு ஆல்பம்’ கதையில் ராஜப்பா அல்பத்தை எரிக்கிறான். இங்கே எரிந்தவை உறைகள். என் கணக்கில் இந்த இழப்பே பெரிது. முத்திரையின் சோடி எங்காவது கிடைக்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பற் போக்குவரத்து 1964 புயலோடு தனுஷ்கோடியை இழந்தது. அந்த வழியே வந்த ஓர் உறையில் எந்த ஊரில் எந்தத் திகதியில் தபாற்குறி குத்தப்பட்டது, யார் கையெழுத்து என்பதெல்லாம் ஒருமுறைதான் எழுதப்பட்டவை. 1990இல் மன்னாரை விட்டு வெளியேறியவர்கள் றங்குப் பெட்டிகளையா தூக்கிக்கொண்டு போனார்கள்? கட்டுக்கரைப் பக்கத்து வீடுகளில் எஞ்சியிருப்பவை சொற்பம்.

அப்படி ஓர் உறை உங்களிடம் இருந்தால் நீரில் போடவேண்டாம். கோந்து, ஒட்டுநாடா எதுவும் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, யார் யாருக்கு எழுதியது என்பதை வேறொரு தாளில் குறித்து, கூடவே வையுங்கள்.