உங்களுக்குத் தெரியுமா? பூச்சிமருந்தைத் தின்னும் மண்ணுயிர்கள்

● மலேசியாவின் பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்துள்ள நிலத்தில், ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் செம்பனையும் விளைந்தன. இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்குத் தோட்டங்களில் சைபர்மெத்ரின் அடிப்பது வழக்கம். மண்ணில் விழும் மருந்தைச் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. மூலக்கூறின் எஸ்டர் பிணைப்பை அறுத்துத்தான் அவை தொடங்குகின்றன.

● பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் டயசினான் மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டார்கள். நாளடைவில் மருந்து மண்ணில் தங்கவில்லை. அதை உணவாக்கிக்கொண்ட பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. அவற்றுள் ஒன்றான பிளேவோபாக்டீரியத்தைப் பற்றி இந்திய அறிவியலாளர் என். சேதுநாதனும் யோஷிடாவும் 1973இல் அறிவித்தார்கள்.

● அந்தப் பாக்டீரியா பாரத்தியான் என்ற பூச்சிமருந்தையும் உடைக்கும். அதற்கான மரபணு, பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் உள்ளது. பக்கத்து வீட்டுக்கு விதை கொடுப்பதுபோல, பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் கிடைத்த வேறொரு பாக்டீரியாவிலும் இதே மரபணு இருந்தது!

● லிண்டேன் என்ற பூச்சிமருந்து, நீர் தேங்கிய வயலில் விரைவாகச் சிதையும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் குளோரினைக் கழற்றிவிடுகின்றன. டி.டி.டி.யும் சேற்றில் வேகமாக மாறும். ஆனால் அது மாறிக் கிடைக்கும் பொருளும் நஞ்சுதான். உடைந்ததெல்லாம் நஞ்சு நீங்கியதாகாது.

● குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து சிதையும்போது பிறக்கும் டி.சி.பி. என்ற பொருள், அதை உடைக்க வந்த நுண்ணுயிர்களையே ஒடுக்கும். மலேசியா 2023 மே 1 முதல் வேளாண்மையில் குளோர்பைரிபாஸையும் கார்போபியூரானையும் தடை செய்துள்ளது.

● ஜப்பானில் அவரையைத் தாக்கும் ஒரு நாவாய்ப்பூச்சி, தன் குடலுக்கு வேண்டிய பாக்டீரியாவை மண்ணிலிருந்தே பெறுகிறது. பெனிட்ரோத்தியானைத் தொடர்ந்து இட்ட மண்ணில் அந்த மருந்தைத் தின்னும் பாக்டீரியா பெருகும். அது குடலில் குடியேறினால் பூச்சியும் மருந்துக்கு அசையாது. 2012இல் வெளிவந்த ஆய்வு இது.

● ஆகவே ஒரே மருந்தை விடாமல் அடிப்பது பூச்சிக்கே துணைபோகலாம். உங்கள் தோட்டத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் மருந்து கட்டாயம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மட்கிய குப்பையும் இலைதழையும் இட்டால் மண்ணுயிர்கள் செழிக்கும். முன்பு விழுந்த நஞ்சைக் கரைக்கும் வலுவும் மண்ணுக்குக் கூடும்.