காரட்டை விடுங்கள், கிழங்கைப் பாருங்கள்!

இனிக்கும் காய் கூடாது, இனிக்காத காய் சாப்பிடலாம். அப்பாவுக்கு நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் இதுதான் சட்டம். சாம்பாரிலிருந்து காரட் போய்விட்டது. பூசணி வாங்குவதே இல்லை. ஆனால் மாலைத் தேநீரோடு அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் மட்டும் வழக்கம்போல் வருகின்றன. கிழங்குதான் இனிக்காதே!

கல்லூரியில் உணவியல் படிக்கும் நான், அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையை அம்மாவிடம் காட்டினேன். சமைக்காத 100 கிராம் காரட்டில் கார்போஹைட்ரேட் சுமார் 9.6 கிராம். பூசணியில் 6.5. மரவள்ளியில் 38!

சாம்பாரில் அப்பாவின் தட்டுக்கு வரும் காரட் 30 கிராம் இருந்தால் அதிகம். அதில் 3 கிராம் கார்போஹைட்ரேட்கூட இல்லை. 200 கிராம் மரவள்ளியை அவித்து வைத்தாலோ 76 கிராம். கால் கிலோவுக்கும் அதிகமான சோற்றுக்கு அது சமம்.

நாக்கை நம்பினால் இப்படித்தான். மாவுச்சத்தும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலியே. நீளமாக இருப்பதால் அது இனிப்பதில்லை. குடலில் அறுந்து குளுக்கோசாக மாறியபின் ரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

செடியின் எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறோம் என்று பார்ப்பது இதைவிட நல்ல வழி. இலை சர்க்கரையைத் தயாரிக்கிறது. ஆனால் பெரும்பகுதியை மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடுகிறது. அதனால் கங்கோங், பசலை போன்ற கீரைகளில் 100 கிராமுக்கு 3 அல்லது 4 கிராம்தான். கிழங்கு, செடியின் சேமிப்புக் கிடங்கு: உருளையில் 17, சர்க்கரைவள்ளியில் 20. விதையும் அப்படியே. முளைக்கப்போகும் கன்றுக்கு உணவு வேண்டுமல்லவா? பச்சைப் பட்டாணியில் 14, சோளத்தில் 19. வெள்ளரி, பாகல், கத்தரி, முட்டைக்கோஸ் எல்லாம் 6 கிராமுக்குள் அடங்கிவிடும். வெங்காயம் 9, காரட்டைத் திட்டுகிறவர்கள் அதைச் சந்தேகிப்பதே இல்லை! (பாகற்காய் சாப்பிட்டுவிட்டதால் கிழங்கின் கணக்கு குறைந்துவிடாது என்பதையும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.)

இன்னொரு கழித்தலும் உண்டு. அமெரிக்க அட்டவணைகள் நார்ச்சத்தையும் கார்போஹைட்ரேட்டுடன் சேர்த்தே எண்ணுகின்றன. நார்ச்சத்து குளுக்கோசாக மாறுவதில்லை. வெண்டைக்காயின் 7.5 கிராமில் 3.2 கிராம் நார்ச்சத்து; மீதம் 4.3 மட்டுமே. ஐரோப்பிய உணவுப் பொட்டலங்களில் நார்ச்சத்து தனியாகவே அச்சிடப்படும். அங்கே மறுபடி கழிக்கக் கூடாது. பேரங்காடியில் உறைந்த பட்டாணி வாங்கும்போது எந்த நாட்டுப் பொட்டலம் என்று பாருங்கள்.

நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டில் பாதி, காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. மரவள்ளி அந்தப் பாதியில் சேராது. சோறு இருக்கும் கால் பங்கில்தான் அதற்கு இடம். கிழங்கு வேண்டுமென்றால் அன்று சோற்றைக் குறைக்க வேண்டும்.

ஆனால் இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் கார்போஹைட்ரேட்டைத் திடீரென வெகுவாகக் குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் முதல் அறிகுறிகள்.