வெயில் படாத, தண்ணீர் வடியாத இடமா? வல்லாரை நடலாம்!

வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவுல வெயில் அதிகம் படாத சந்து. மழை பெய்ஞ்சா ஒரே சேறு. புல் போட்டும் பிடிக்கலையா? அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேணும், நிழலில் அது நிற்காது.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். செடி நட்டால் மட்டும் தேக்கம் போகாது. தேங்கிய நீரில் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடும். தரைக்கு லேசான சரிவு கொடுத்து, மழைநீரை உறிஞ்சு குழிக்குத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து நடவு:

• அரைநிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு வல்லாரை. கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். வேரோடு கூடிய கொடித் துண்டுகளை முக்கால் அடி இடைவெளியில் நட்டால் போதும்.

• கொஞ்சம் வெயில் வரும் ஓரத்தில் பொடுதலை, நீர்ப்பிரமி.

• மஞ்சள் பூ பூக்கும் வெடேலியா வேண்டாம். வேகமாகப் பரவி மற்ற செடிகளை அமுக்கிவிடும்.

கழிவுநீர் கலக்கும் இடத்து வல்லாரையைச் சமையலுக்குப் பறிக்காதீங்க. தெருவிலேயே மழைநீர் தேங்குதா? சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.