உங்களுக்குத் தெரியுமா? காலித் தொழுவத்தில் கறிப்புறா

நாசரேத் பக்கம் மாடு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் தொழுவம் இருந்தால், கறிப்புறா வளர்க்கத் தனிக் கொட்டகை வேண்டாம். கூரை ஒழுகக்கூடாது, எலி, பாம்பு நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை அடிக்க வேண்டும்.

கோழிக்குஞ்சு பொரிந்த அன்றே கொத்தித் தின்னும். புறாக்குஞ்சால் அது முடியாது. தாய், தகப்பன் இரண்டுக்குமே தொண்டைப் பையில் பால் போன்ற சத்து சுரக்கிறது. முதல் சில நாட்கள் குஞ்சுக்கு அதுதான் உணவு. அதனால் இன்குபேட்டரை நம்பி இந்தத் தொழிலில் இறங்க முடியாது, ஜோடிகளைத்தான் நம்ப வேண்டும். துணையில்லாத ஆண் புறாவை உள்ளே விடாதீர்கள். அடுத்த ஜோடியின் கூட்டில் புகுந்து சண்டையிட்டு முட்டையை உடைத்துவிடும்.

ஈட்டுக்கு 2 முட்டை. 17, 18 நாளில் பொரியும். குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும் முன்பே தாய் மறுபடி முட்டையிடும் என்பதால் ஜோடிக்கு இரண்டு கூடு வையுங்கள். சுமார் 4 வாரத்தில், பறக்கத் தொடங்குமுன் குஞ்சு கறிக்குத் தயார். உழைக்காத தசை என்பதால்தான் அத்தனை மென்மை.

தீனிக்குக் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலின் கம்பு, சோளம், பாசிப்பயறு போதும். முழுத் தானியத்தை அரைக்கச் சிறுகல்லும், முட்டையோட்டுக்குத் தூத்துக்குடிக் கரையின் கிளிஞ்சலை உடைத்தும் தனித்தட்டில் வையுங்கள்.