ரூ.1,200 மிச்சம்... 8 மாதத்தில் காலி! கியாஸ் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? உஷார்!

பழனியை அடுத்த ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்பவர்களை லேசில் ஏமாற்றிவிட முடியாது. கூடையின் மேலே மட்டும் பெரிய பழமாக அடுக்கி வைத்தால் போதாது. கையை உள்ளே விட்டு அடிப்பழத்தை எடுத்துப் பார்ப்பார்கள். காய் எது, செங்காய் எது, பூச்சி விழுந்தது எது என்று தொட்டவுடனே சொல்லி விடுவார்கள்.

கொய்யாவை இப்படிப் பார்த்து வாங்குகிற ஊரில், கியாஸ் அடுப்பை மட்டும் அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கலாமா?

கொய்யா கெட்டுப் போனால் நஷ்டம் ஒரு நாளோடு போச்சு. அடுப்பு மட்டமாக இருந்தால் மாதா மாதம் பணம் கரையும். சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"இதை எடுங்க அக்கா!"

கல்யாண சீசன் வந்து விட்டால் பாத்திரக் கடைகளில் அடுப்பு விற்பனை சூடு பிடிக்கும். சீர்வரிசையில் கியாஸ் அடுப்பு இல்லாமல் முடியாது. பழைய அடுப்பு துருப்பிடித்துப் போனவர்களும் அப்போதுதான் கடை ஏறுவார்கள். கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:-

"அக்கா, இதை எடுங்க. மூணு பர்னர். மேலே கண்ணாடி. துடைச்சா பளபளன்னு இருக்கும்."

"விலையைச் சொல்லுங்கண்ணே."

"இது 2,600. கம்மியா வேணும்னா அந்தா இருக்கு பாருங்க, 1,400-தான். இதுவும் அடுப்பு, அதுவும் அடுப்பு. நெருப்பு ஒண்ணுதானேக்கா!"

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. நெருப்பு ஒன்றுதான். ஆனால் அந்த நெருப்பில் எவ்வளவு பாத்திரத்துக்குப் போகிறது, எவ்வளவு காற்றோடு போகிறது என்பது அடுப்புக்கு அடுப்பு வேறுபடும்.

68 என்ற கணக்கு

வீட்டு கியாஸ் அடுப்புக்கு மத்திய அரசின் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 4246. எரிகிற கியாசின் சூட்டில் 100-க்கு 68 பங்காவது பாத்திரத்தில் ஏற வேண்டும் என்பது அந்த விதியில் முக்கியமான அம்சம். அதற்குக் குறைந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது.

முத்திரை இல்லாத அடுப்பில் 55 பங்குதான் ஏறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம்.

நல்ல அடுப்பில் 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டில், அந்த அடுப்பை வைத்தால் 36 நாளில் சிலிண்டர் காலி! வருஷத்துக்கு 8 சிலிண்டர் வாங்கிய வீடு 10 சிலிண்டர் வாங்க வேண்டும். சிலிண்டர் 900 ரூபாய் என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 1,800 ரூபாய் கூடுதல் செலவு. மாதம் 150 ரூபாய்.

கடையில் மிச்சம் பிடித்த 1,200 ரூபாய் எட்டே மாதத்தில் போய் விடும். அதன் பிறகு அந்த அடுப்பு வீட்டில் இருக்கும் வரை மாதம் 150 ரூபாய் தண்டம்தான்!

மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பால் செலவில் விழும் துண்டு. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது கூலியில் விழும் ஓட்டை.

முத்திரை உண்மையா, போலியா?

"ஐ.எஸ்.ஐ. இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையான முத்திரையா என்பதையும் பார்க்க வேண்டும்.

அசல் முத்திரையின் மேலே ஐ.எஸ். 4246 என்ற எண் இருக்கும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். இரண்டும் அடுப்பின் மீதே இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அந்த லைசென்ஸ் எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" என்ற செல்போன் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய லைசென்ஸ், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்ற விவரம் வந்து விடும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்து விடலாம். லைசென்ஸ் இல்லாமல் முத்திரை அடிப்பது 2016-ம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைப்புச் சட்டப்படி குற்றம்.

பிரிட்ஜ், ஏ.சி.க்குத்தான் நட்சத்திரக் குறி என்று பலர் நினைக்கிறார்கள். கியாஸ் அடுப்புக்கும் நட்சத்திரக் குறி உண்டு. நட்சத்திரம் கூடக் கூட கியாஸ் மிச்சம்.

தூக்கிப் பார்! தட்டிப் பார்!

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இரும்பும் பித்தளையும் புதிது அல்ல. கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைக் கையில் தூக்கி, கனத்தைப் பார்த்து, சாவியைத் திருப்பிப் பார்த்து வாங்கிப் பழகிய கை இது. அதே கையால் அடுப்பையும் பார்க்கலாம்.

பர்னர்:- மூடியைத் தனியாகக் கழற்றிக் கையில் வாங்குங்கள். கெட்டிப் பித்தளை என்றால் கனக்கும். மெல்லிய தகடு என்றால் நாளடைவில் சூட்டில் நெளியும். நெளிந்தால் தீ ஒரு பக்கம் எழும்பும், ஒரு பக்கம் படுக்கும். துளைகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

திருகு:- அழுத்தித் திருப்பினால்தான் திறக்க வேண்டும். தொட்டதும் லொடலொடவென்று சுற்றினால் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

கால்களும் தாங்கியும்:- அடுப்பை மேஜையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடக் கூடாது. சோற்றுப் பானை, இட்லிக் கொப்பரை எல்லாம் ஏறப் போகிற இடம் அது.

மேல்தட்டு:- கண்ணாடியா, எவர்சில்வரா என்பது அவரவர் விருப்பம். கண்ணாடி துடைக்க வசதி. ஆனால் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும், கனமான பாத்திரம் இடித்தாலும் உடையும் அபாயம் உண்டு. கண்ணாடிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். தடிப்பான எவர்சில்வர் நெளியாது, உடையாது. கரடுமுரடான புழக்கத்துக்கு அதுவே மேல்.

எத்தனை பர்னர்?:- நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு பர்னர் போதும் என்றால், அதே பணத்தில் மட்டமான மூன்று பர்னரை விட நல்ல இரண்டு பர்னரே லாபம்.

தீ நீலமா? மஞ்சளா?

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. பற்ற வைத்ததும் தீ நீலமாக, சத்தமில்லாமல், சட்டிக்கு அடியிலேயே நிற்க வேண்டும்.

மஞ்சளாக எரிந்தால் கியாசோடு போதுமான காற்று கலக்கவில்லை என்று அர்த்தம். கியாஸ் முழுசாக எரியாமல் கரியாகப் போகிறது. பாத்திரத்தின் அடி கறுப்பதே அதற்குச் சாட்சி. ஜன்னல் இல்லாத சமையலறையில் இப்படி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

புது சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. வழக்கத்தை விட ஒரு வாரம், பத்து நாள் முன்பே தீர்ந்தால் அடுப்பையும் டியூப்பையும் சோதிக்க வேண்டிய நேரம் வந்து விட்டது.

புது அடுப்புக்குப் பழைய டியூப்பா?

3,000 ரூபாய்க்கு அடுப்பு வாங்கி விட்டு, வெடிப்பு விட்ட பழைய டியூப்பையே மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை.

உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற "சுரக்‌ஷா" டியூப்பையே வாங்க வேண்டும். அதையும் 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி விட வேண்டும். தேதி டியூப் மீதே அச்சாகி இருக்கும்.

"கியாஸ் கம்பெனியில இருந்து வர்றோம்" என்று சொல்லிக் கொண்டு வீடு வீடாக டியூப், லைட்டர் விற்கும் ஆட்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். இல்லை என்றால் கதவைச் சாத்தி விட்டு ஏஜென்சிக்குப் போன் போடுங்கள்.

இன்னொரு விஷயம். புது இணைப்பு வாங்கும்போது ஏஜென்சியிலேயே அடுப்பும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கிக் கொள்ளலாம்.

இலவச அடுப்பும் முதலாவது அடுப்பும்

விறகு, மண்ணெண்ணெய் என்று இருந்த பல வீடுகளுக்கு முதல் கியாஸ் அடுப்பு அரசாங்கம் கொடுத்தது. தமிழக அரசின் இலவச கியாஸ் அடுப்புத் திட்டம் 2007-ல் வந்தது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1-ந் தேதி உத்தரப்பிரதேசம் பலியாவில் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் முதல் சிலிண்டரோடு அடுப்பும் இலவசம்.

அப்படி வந்த அடுப்புகள் பழசாகும்போது, அந்தக் குடும்பங்கள் முதல் முறையாகச் சொந்தக் காசில் அடுப்பு வாங்கக் கடைக்குப் போகின்றன. அடுப்பு வாங்கிப் பழக்கம் இல்லாத அவர்களிடம்தான் மட்டமான சரக்கு எளிதாக விலை போகும்.

கிரில் கடைக்காரர்களுக்கு...

கிரில் சிக்கன், தந்தூரி, பரோட்டாக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நாள் முழுக்க எரிகிற அடுப்பில் 10 பங்கு சூடு வீணானால் நஷ்டம் வீட்டை விடப் பல மடங்கு.

சுழல்கிற கம்பியில் கோழி மாட்டும் கிரில் அடுப்பு வாங்கும்போது உள்தகடு என்ன கனம், கொழுப்பு வடியும் தட்டு தனியாகக் கழன்று வருகிறதா, ஒவ்வொரு பர்னருக்கும் தனித் திருகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழுப்பு தேங்கினால் அதுவே தீப்பிடிக்கும். உதிரி பாகம் பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்து எரிப்பது சட்ட விரோதம். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சிலிண்டர் பறிமுதல்தான். கடை அடுப்புக்கான ஹை-பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டுவது அதை விட விபரீதம். குறைந்த அழுத்தத்துக்குச் செய்த அடுப்பு அதைத் தாங்காது.

கசிந்தால் என்ன செய்வது?

கியாஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போட்டு, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு வெளியே வர வேண்டும். பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு உண்டு. ஆனால் முத்திரை இல்லாத அடுப்பு, டியூப் என்று தெரிய வந்தால் அந்தப் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம்.

"பில் எதுக்குக்கா?"

"பில் போட்டா வரி சேரும், பில் இல்லாம 200 ரூபாய் குறைச்சுக்கிறேன்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை, வழக்கும் இல்லை.

அடுப்பு மோசம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல்லில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அங்கே முதலில் கேட்கும் காகிதம் அந்த பில்தான்!

விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். விலை கூடியது எல்லாம் நல்லது என்றும் நம்பாதீர்கள். பளபளப்புக்காக 6,000 கொடுப்பதும் வீண். முத்திரை, பர்னர், திருகு, டியூப், பில் - இந்த ஐந்தும் சரியாக இருந்தால் நடுத்தர விலை அடுப்பே பல வருஷம் உழைக்கும்.